செவ்வாய்க்கிழமைக் கோடு

எங்கள் டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவருடைய சொந்தக்காரர்களுக்கே இது புரிவதற்குப் பத்து வருடம் பிடித்தது. ஒரு விருந்தில் சாப்பாட்டு மேஜை என்றுகூடப் பார்க்காமல் அவர் பெரியப்பா பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, பூசணிக்காய் மாதிரி வீங்கிய முட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்.

"ஒரு மாசமா வலிம்மா."

"பெரியப்பா, நான் அந்த டாக்டர் இல்ல. செல்லுக்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏ.வைப் பாக்குறவ."

"சரி, அதையும் பாரு. மொதல்ல முட்டியப் பாரு."

நான் அவருடைய லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். பதினாறு வருடமாகக் கழுவுகிறேன். நான் கழுவிய டியூபுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நிலா வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

அவர் என்னதான் வேலை செய்கிறார் என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பீரோ இருக்கிறது. பீரோவுக்குள் ஒரு தடிப் புத்தகம். என்னென்ன சமைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. புத்தகத்தை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. இதுவரைக்கும் சரி. ஆனால் குட்டி ஆர்.என்.ஏ. என்று இன்னொன்று இருக்கிறதாம். அது பாதி வழியில் போய் நின்றுகொண்டு, வருகிற சீட்டைப் பிடித்துக் கிழித்துவிடுமாம். சமையல் நின்றுபோகும்.

"மேடம், அதுவும் சீட்டு, இதுவும் சீட்டு. சீட்டே சீட்டைக் கிழிக்குமா?"

"கிழிக்கும்ணே."

"எதுக்கு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அவர் அப்பா ரயில்வேயில் சிக்னல் கம்பி இழுத்தவர். எந்த வண்டியை எப்போது நிறுத்துவது என்பதுதான் வேலை. மகளும் நிறுத்துகிற வேலைக்கே வந்துவிட்டார், என்ன, வண்டி கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஐம்பத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். படிக்கிற காலத்தில் இந்தம்மா ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு மடியில் ஐஸ் பெட்டியோடு அந்த பஸ்ஸில் போவாராம். ஒருநாள் சார் பிரேக் போட்டதில் பெட்டி சரிய, "மெதுவா ஓட்டுங்க, உள்ள உயிர் இருக்கு" என்று சத்தம் போட்டிருக்கிறார். கிட்னி கொண்டுபோகிறார் என்று நினைத்து மொத்த பஸ்ஸும் எழுந்து நின்று வழிவிட்டிருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்த மெது ஓட்டத்தை சார் இன்னும் விடவில்லை. அந்த பஸ்ஸில் ஏறினால் நடந்து போகிறவன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான்.

டாக்டரம்மாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கறுப்புக் கோடு. பதினொரு வருடத்துக்கு முன்னால் வந்த கோடு. செல்களைத் தட்டில் வளர்ப்பார்கள். கொஞ்சம் தட்டுகளுக்குச் சாப்பாடு போட்டு, மீதியைப் பட்டினி போட்டார். பட்டினி கிடந்த செல்லில் ஒரு புதுக் குட்டி ஆர்.என்.ஏ. வந்து ஒரு ஜீனை அணைத்துவிட்டது. சாப்பிட்ட செல்லில் வரவில்லை. ஆர்.என்.ஏ.வைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்தால் பட்டினிப் பக்கம் மட்டும், புருவம் வரைந்த மாதிரி ஒரு கோடு. பசி வந்தால் செல் செலவைக் குறைக்கிறது, அதற்கு இந்தக் குட்டிதான் கணக்கப்பிள்ளை என்று கட்டுரை எழுதினார். அந்த ஃபிலிமை ஃபிரேம் போட்டு லேப் சுவரில் மாட்டினார்கள். மாட்ட ஆணி அடித்தது நான்தான்.

பிறகுதான் தலைவலி. மற்ற ஊர் லேப்களிலிருந்து கடிதம் மேல் கடிதம். 'நாங்களும் பட்டினி போட்டோம், கோடு வரவில்லை.' முதலில் டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் அவர் லேபிலேயே கோடு கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சேர்ந்திருந்தாள். எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருப்பதால் நான் அவளுக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்திருந்தேன். அவள் கொட்டாவி விட்டால் சன்னல் திரை ஆடும். ஆனால் வேலையில் புலி. வாரம் முழுக்கத் தட்டுப் போடுவாள். நாலு தடவை செய்தால் ஒரு தடவை கோடு வரும். மூன்று தடவை வெறும் ஃபிலிம், வழுக்கைத் தலை மாதிரி.

"மேடம், நான் எதையும் மாத்தல. அதே செல்லு, அதே பட்டினி."

"தெரியும். எனக்கும் அப்படித்தான் வருது."

"அப்ப ஏன் மேடம்?"

"தெரியல."

'தெரியல' என்பதை டாக்டரம்மா அந்த வருடம் சொன்ன அளவுக்கு என் மகள் பரீட்சைக் காலத்தில்கூடச் சொன்னதில்லை.

விஷயம் மேலே போய்விட்டது. மூன்று பேர் கொண்ட கமிட்டி எட்டு வாரத்தில் வருகிறது என்று தகவல் வந்தது. கோடு ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் டாக்டரம்மா தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற வேண்டும், லேபும் வேறொருவர் கைக்குப் போகும். பதினொரு வருட வேலையைத் துடைத்து எடுப்பதற்கு ஒரே ஒரு பக்கக் கடிதம் போதுமாம். அந்தக் கடிதத்தை அவர் தயாராக எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் மேஜை டிராயரில் வைத்திருந்தார். டிராயரைத் திறந்து பார்ப்பார். மூடுவார். பேனா எடுக்கத்தான் திறக்கிறார் என்று நான் நினைத்தேன். பேனா அவர் வெள்ளைக் கோட் பாக்கெட்டில் இருந்தது.

முதல் சந்தேகம் வேர்வை மேல் விழுந்தது. மனுஷன் தோலிலும் எச்சிலிலும் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டுகிற சாமான் ஒன்று இருக்கிறதாம். அதனால் எல்லோருக்கும் இரண்டு ஜோடி கிளவுஸ், மாஸ்க், தொப்பி. மேஜைப் பக்கத்தில் பேசக் கூடாது என்று எனக்குத் தனி உத்தரவு. என்னைப் பேசாதே என்பதும் குழாயைச் சொட்டாதே என்பதும் ஒன்று. இரண்டு வாரம் கையை ஆட்டியே பேசினேன். 'சோப்பு தீர்ந்துவிட்டது' என்று நான் ஆட்டியதைப் பார்த்துக் கொட்டாவி தீயணைப்பு வண்டிக்குப் போன் பண்ணப் போய்விட்டாள்.

சாயங்காலம் மனைவியைக் கூட்டிப்போக வருகிற பஸ்கார சார் கேட்டில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"வீட்டுல உப்பு டப்பாவக்கூட கிளவுஸ் போட்டுத்தான் தொடணுமாம். இங்க என்னண்ணே நடக்குது?"

"கோட்டக் காணோம் சார்."

"எந்தக் கோட்டு? மழைக் கோட்டா?"

"இல்ல சார், கறுப்பா, புருவம் மாதிரி இருக்கும்."

சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களும் அவ மாதிரியே ஆயிட்டீங்க" என்று பஸ் மாதிரியே மெதுவாக உள்ளே போய்விட்டார்.

வேர்வைக்குத் தடை போட்டும் கோடு அதே மாதிரி வந்தது, போனது. அடுத்து, மருந்து கலக்குகிற தண்ணீரை மாற்றினார், வரவில்லை. பழைய தண்ணீருக்கே திரும்பினார், வந்தது. ஆகா, தண்ணீர்தான் என்று கையைத் தட்டினார். அடுத்த தடவை அதே தண்ணீரில் வரவில்லை. தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் என் மகளுக்குப் பிரசவம். இரண்டு வாரம் லீவு போட்டேன். எனக்குப் பதிலாகப் பக்கத்து லேப் ஆள் வந்து கழுவினார். நான் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கொட்டாவி சுவர் காலண்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததுமே ஏதோ பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செல்லைத் தட்டிலிருந்து எடுத்த நாளுக்கும் ஃபிலிமில் கோட்டைப் பார்க்கிற நாளுக்கும் நடுவில் நாலைந்து நாள் வேலை உண்டு. அதனால் எந்தக் கோடு எந்தக் கிழமைச் செல்லுடையது என்று யாரும் யோசித்ததில்லை. இவள் நோட்டைப் புரட்டி, கோடு வந்த தேதிகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். அத்தனை வட்டமும் ஒரே வரிசையில், மாடிப்படி மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று. செவ்வாய்க்கிழமை.

"செல்லுக்குக் கிழமை தெரியுமா?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த முதல் கட்டுரை எழுதுன வருஷம் எனக்கு மத்த நாள் எல்லாம் கிளாஸ். செவ்வாய் மட்டும்தான் லேபுக்கு வருவேன்" என்று காலண்டரிடம் சொன்னார்.

"மேடம், இங்க பாருங்க. ரெண்டு செவ்வாய் மட்டும் வட்டம் இல்ல" என்றாள் கொட்டாவி.

நான் லீவில் இருந்த இரண்டு செவ்வாய். இரண்டு பேரும் சேர்ந்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன மேடம், எப்பவும் போல கழுவுறதுதான். அன்னைக்கு இன்குபேட்டருக்கும் தண்ணி மாத்துவேன்."

இன்குபேட்டர் என்பது தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற பெட்டி. செல் காயாமல் இருக்க அடியில் ஒரு தண்ணீர்த் தட்டம் இருக்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது என் பொறுப்பு.

"வர்ற செவ்வாய் நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றார்.

உட்கார்ந்தார். ஸ்டூலைப் போட்டு, நோட்டை மடியில் வைத்து, என் ஒவ்வொரு அசைவையும் எழுதினார். கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட என்னை யாரும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தேன். தட்டத்தை உருவினேன், கழுவினேன், புதுத் தண்ணீர் ஊற்றினேன், உள்ளே தள்ளினேன், கதவை மூடினேன். ஆறு நிமிடம். இதில் ஒன்றுமே இல்லையே என்று அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஃபிலிம் வந்தது. வழுக்கை.

இப்போது செவ்வாயும் இல்லை, நானும் இல்லை, தண்ணீரும் இல்லை. கொட்டாவி காலண்டரைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டாள். கமிட்டி வருவதற்குப் பதினொரு நாள். மதியம் டாக்டரம்மா டிராயரைத் திறந்தார். இந்தத் தடவை மூடவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அது கோட்டுக்குச் சம்பந்தமா இல்லையா என்பதுதான் தெரியாது.

"மேடம், கையெழுத்துப் போடாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"மாஸ்க்க எடுத்துட்டுச் சொல்லுங்கண்ணே, ஒண்ணும் கேக்கல."

எடுத்தேன். "நீங்க பாத்தப்ப நான் எப்பவும் செய்யுற மாதிரி செய்யல."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தண்ணீர்த் தட்டத்தை உருவும்போது என் முழங்கை கீழ் அடுக்கில் இடித்து, நாலு தட்டு கவிழ்ந்துவிட்டது. டாக்டரம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதச் செல்லாம். மறுநாள் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: 'தட்டுகளை வெளியே எடுக்கக் கூடாது.' ஆனால் கீழ் அடுக்கு உள்ளே இருந்தால் என் முழங்கைக்கு இடமில்லை. இன்னொரு தடவை அவரைத் தரையில் பார்க்க என்னால் முடியாது. அதனால் வாரா வாரம் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கீழ் அடுக்கை மட்டும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, ஏ.சி.க்குக் கீழே இருக்கிற ஸ்டீல் மேஜை மேல் வைப்பேன். தட்டத்தைத் தேய்ப்பேன். வாட்ச்மேன் வருவார். அவர் மாமியார் கதை இருக்கிறதே, அது தனி மெகா தொடர். கேட்டு முடித்துவிட்டு அடுக்கைத் திரும்ப வைப்பேன். டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு, பிடிபட்டுவிடுவேன் என்று பயந்து, அடுக்கைத் தொடாமல் தட்டத்தை மட்டும் இழுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கீழ் அடுக்கு மட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா மேடம். மேல் அடுக்கு என்னை ஒண்ணும் பண்ணல."

கொட்டாவி எழுந்து நின்றாள். "மேடம், சாப்பாடு போட்டது எப்பவும் மேல. பட்டினி எப்பவும் கீழ."

"நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன், மாத்தி எடுத்துடக் கூடாதுன்னு" என்றார் அவர். "அண்ணே, எவ்வளவு நேரம் வெளிய இருக்கும்?"

"அது வாட்ச்மேனோட மாமியாரப் பொறுத்தது."

அவர் பேனாவை மூடினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். "பசி இல்ல. குளிரு" என்றார். "பதினோரு வருஷமா குளிரப் பாத்துட்டுப் பசின்னு எழுதியிருக்கேன்."

அன்றைக்கே எட்டுத் தட்டு போட்டார்கள். இந்தத் தடவை நன்றாகச் சாப்பிட்ட செல்களையும் வெளியே எடுத்தார்கள். எவ்வளவு நேரம் வைப்பது என்று தெரிய வேண்டுமே. வாட்ச்மேனை வரவழைத்து, எனக்கு எப்போதும் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னார்கள். பாவம் மனுஷன், டாக்டரம்மா கடிகாரத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மாமியார் கதை வரும்.

"அவங்க நல்லவங்கதான்" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"யோவ், போன வாரம் பிரிட்ஜைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போனாங்கன்னியே" என்று எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், திறந்துவிட்டது. பிரிட்ஜ், சாவி, பூட்டுக்காரன், பூட்டுக்காரன் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருந்தது, எல்லாம் சேர்த்து நாற்பத்து மூன்று நிமிடம். கொட்டாவி எழுதிக்கொண்டாள். ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

ஐந்து நாள் கழித்து ஃபிலிம் வந்தது. டாக்டரம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளியே வைத்த தட்டு அத்தனைக்கும் கோடு. பட்டினிக்கும் கோடு, சாப்பிட்டதுக்கும் கோடு. மையிட்ட புருவம். உள்ளேயே இருந்த தட்டுகளில் ஒன்றும் இல்லை.

எனக்கு வாய் கொள்ளவில்லை. "கோடு வந்துருச்சு மேடம். இனி கடிதாசி வேண்டாமே."

"வேணும்ணே" என்றார் அவர். "கோடு நெஜம். நான் சொன்ன காரணம் பொய். காரணத்தத்தான கட்டுரையா எழுதினேன்."

டிராயரைத் திறந்து பழைய கடிதத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுதினார். அதில் 'திரும்பப் பெறுகிறேன்' என்றும் இருந்தது, ஏன் என்றும் இருந்தது. ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். நான் என்ன முகம் வைத்துக்கொள்வது? என்னால்தான் அந்தக் கோடு வந்தது. என்னால்தான் அந்தக் கட்டுரை போனது. வாழ்த்துவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நாலு பீக்கரை எடுத்துக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த பீக்கர்கள்தான் அவை.

கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் அந்தக் கடிதத்தை அவர்கள் முன்னால் வைத்தார். பக்கத்தில் புது ஃபிலிம். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இவ்ளோ வருஷம் இது எப்படிம்மா கண்ணுல படாமப் போச்சு?"

என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"கதவுல எடுக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனேன். தண்ணி மாத்துறவருக்குக் கை போக எடம் இருக்கான்னு கேக்கல" என்றார் டாக்டரம்மா.

கட்டுரை போனது. லேப் போகவில்லை. குளிர்ந்தால் இந்தக் குட்டி எதற்கு வருகிறது, எந்தச் சீட்டைக் கிழிக்கிறது என்று பார்க்க இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள். சுவரிலிருந்து பழைய ஃபிரேமை நான்தான் இறக்கினேன். ஆணியை மட்டும் பிடுங்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

புதுக் கட்டுரையின் வரைவை ஒருநாள் கொட்டாவி எனக்குப் படித்துக் காட்டினாள். தட்டுகளை நாற்பத்து மூன்று நிமிடம் வெளியே வைத்ததாக ஒரே ஒரு வரி இருந்தது.

"மாமியார் எங்க?"

"அந்த நாப்பத்து மூணு நிமிஷம்தான் அண்ணே மாமியார்."

இப்போது லேபில் இரண்டு இன்குபேட்டர். ஒன்றின் கதவில் 'கீழ் அடுக்கை எடுக்கக் கூடாது' என்று தாள். மற்றதில் 'கீழ் அடுக்கைக் கட்டாயம் எடுக்க வேண்டும், 43 நிமிடம்'. பெட்டி இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள். அதிலும் கொட்டாவி மாதம் ஒருமுறை தாள்களை இடம் மாற்றி ஒட்டிவிடுகிறாள், பெட்டியில் ஏதாவது கோளாறு இருந்தால் அதுவும் தெரிந்துவிடட்டும் என்று. செவ்வாய்க்கிழமை காலையில் நான் இரண்டுக்கும் நடுவில் துணியும் கையுமாக நிற்பேன்.

"மேடம், இன்னைக்கு எது எடுக்குறது, எது எடுக்கக் கூடாதது?"

"கதவுல இருக்கே, படிங்கண்ணே."

"படிச்சேன். போன மாசமும் படிச்சேன். அதான் குழப்பம்."

அவர் நோட்டோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்று, இரண்டு தாளையும் ஒருமுறை படிப்பார். பிறகு இன்னொரு முறை படிப்பார். "இருங்க, நானே ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்பார். அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன்.